நாலு பேர் கூடினால் எந்த ஆட்டம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கடலூர் முதுநகரிலோ தேவனாம்பட்டினத்திலோ வலை பழுதுபார்க்கும் கொட்டகைப் பக்கம் போனால், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சீட்டுக்கட்டாவது பிரிந்திருக்கும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கும் வீடுகளில் பரமபதப் படமும் தாயக்கட்டையும் வெளியே வரும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த பிறகு, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த தெருக்களில் சாயங்காலங்களை நகர்த்தவும் இவைதான் கைகொடுத்தன. புதுச்சேரிக்குள் போனால் இன்னொரு ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சொல்தாக்களின் குடும்பங்களில் ஆடும் பெலோத் என்ற பிரெஞ்சுச் சீட்டாட்டம்.

எல்லாவற்றையும் பொழுதுபோக்கு என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு விதம். தாயத்துக்கு உடனே வந்து உட்காரும் பாட்டி, சீட்டு என்றால் ஏன் எழுந்து போகிறார்? ஆறு பேர் ரம்மி ஆடும்போது அமைதியாக இருக்கும் திண்ணை, நாலே பேர் 304 என்ற சீட்டாட்டம் ஆடும்போது ஏன் சத்தக்காடாகிறது? ஒரு ஆட்டம் ஒரு கூட்டத்தில் ஒட்டிக்கொள்வதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு என்று நினைக்கிறேன். அதிர்ஷ்டத்தை அது யாருக்கு எப்படிப் பங்கிடுகிறது என்பது ஒன்று. ஒருவர் எவ்வளவு நேரம் சும்மா காத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

தாயம்: பதினாறு வழிகள்

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் நாலு முகம். ஒரு முகம் வெறுமை. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உள்ளங்கையில் உரசி உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். ஒரு கட்டை வெறுமை, மற்றது ஒற்றைப் புள்ளி என்றால் தாயம்; அதற்கு இரண்டு வழி. மூன்று விழ நாலு வழி. இரண்டுக்கும் நாலுக்கும் மும்மூன்று. ஐந்துக்கு இரண்டு. ஆறுக்கு ஒன்று. இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் ஒன்றே.

தாயம் போட்டால்தான் காயை இறக்க முடியும் என்பது அடிப்படை விதி. எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம் என்பது சராசரி. ஆனால் சராசரியை நம்பி உட்கார்ந்தால் மனசு வெறுத்துவிடும். எட்டு முறை உருட்டியும் தாயத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் மூன்றில் ஒருவர் இருப்பார்கள். பதினாறு முறை உருட்டியும் கிடைக்காதவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். ‘என் கை ராசியில்லாத கை’ என்று சலித்துக்கொள்ளும் சித்திக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆறு பேர் ஆடினால் இரண்டு பேர் முதல் எட்டு உருட்டலில் இப்படி மாட்டிக்கொள்வது சாதாரணம்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் வீட்டுக்கு வீடு ஒரு விதி முளைத்திருக்கிறது. பல வீடுகளில் ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம். கேட்பதற்குச் சின்ன சலுகை. ஆனால் வழி இரண்டிலிருந்து நாலாகிவிடுகிறது. எட்டு உருட்டலுக்குப் பிறகும் வெறுங்கையோடு நிற்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேராகச் சுருங்கிவிடுகிறார்கள். குழந்தைகள் நிறைந்த வீட்டில் இந்த விதியைத்தான் நான் சொல்வேன்.

காய் இறங்கிய பிறகு தாயம் வேறு ஆட்டமாகிவிடுகிறது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். 16-இல் 6 வழி இப்படி நீள்கிறது. விழுந்ததையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு கடைசியில் எந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்று நாமே முடிவு செய்கிறோம். கையில் ஒரு ஐந்தும் ஒரு மூன்றும் இருக்கின்றன என்று வையுங்கள். பின்னால் நிற்கும் என் காய்க்கு ஐந்து கட்டம் தள்ளி எதிராளியின் காய். முன்னால் ஓடிய என் காய்க்கு மூன்று கட்டம் தள்ளி மலை, அதாவது குறுக்குக்கோடு போட்ட கட்டம். அதில் ஏறிவிட்டால் யாரும் வெட்ட முடியாது. ஐந்தில் வெட்டி, மூன்றில் மலை ஏறி, வெட்டியதற்கு இன்னொரு உருட்டலும் வாங்கிக்கொள்ளலாம். எண்ணை மாற்றிக் கொடுத்தால் இரண்டும் போச்சு. உருட்டல் அதிர்ஷ்டம், பங்கீடு புத்தி. அறுபது வருஷமாக ஆடும் பாட்டிக்கும் நேற்று கற்றுக்கொண்ட பேரனுக்கும் உருட்டல் ஒன்றேதான். பங்கீட்டில் பாட்டி கெட்டி. அதனால்தான் இருவரும் ஒரே கட்டத்தைச் சுற்றி உட்கார முடிகிறது. பேரன் சில சமயம் ஜெயிக்கிறான், பாட்டி பல சமயம் ஜெயிக்கிறார்.

ஒருவரையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் நுழைந்து பழம் எடுக்க முடியாது என்று சில வீடுகளில் விதி உண்டு. இது இருந்தால் மலைக்கு மலை தாவிப் பத்திரமாகப் போகிறவரும் ஒரு கட்டத்தில் வெளியே வந்து தலையைக் கொடுத்தே ஆக வேண்டும். விதி சிறிசு, ஆனால் ஆட்டத்துக்கு ரத்தம் பாய்ச்சுவது அதுதான்.

கட்டைக்குப் பதில் ஆறு சோழியோ ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையோ உருட்டினால் கணக்கு மாறும். மலர்வதும் கவிழ்வதும் சரிபாதி என்று வைத்துக்கொண்டாலும் ஒன்று மட்டும் மலரும் தாயம் விழ 64-இல் 6 வழிதான், பத்தில் ஒன்றுக்கும் குறைவு. சோழியில் ஆடும்போது ஐந்துக்கும் இறக்கலாம் என்ற சலுகையைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லூடோவும் இதே குடும்பம்தான், பச்சிசி என்ற பழைய இந்தியப் பலகையாட்டத்தின் சுருங்கிய வடிவம். 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கப்பட்டது. ஒரே ஒரு பகடை. எண்களைச் சேர்த்துப் பிரிக்கும் வாய்ப்பு அதில் குறைவு. தாயம் தெரிந்த கைக்கு லூடோ சப்பென்று இருப்பது அதனால்தான். பரமபதத்தில் முடிவெடுக்க எதுவுமே இல்லை, உருட்டியபடி ஏறி இறங்க வேண்டியதுதான். நாலு வயசுக் குழந்தையும் தாத்தாவும் அங்கே முழுக்கச் சமம். விடிய விடியக் கண் விழிக்க அது போதும்.

பகடை என்றதும் பிரான்சின் கஃபே மேசைகளில் உருளும் 421-ஐயும் சொல்லிவிடலாம். மூன்று பகடை; நாலு, இரண்டு, ஒன்று விழுந்தால் உச்சம். ஒரே உருட்டலில் அது விழ 36-இல் ஒரு வாய்ப்பு. ஆள் எண்ணிக்கை கூடினாலும் ஒவ்வொருவர் முறையும் சட்டென்று முடிந்துவிடும், பலகையும் வேண்டாம். பேருந்துக்காகக் காத்திருக்கும் நண்பர் கூட்டத்துக்குப் பொருத்தம்.

ரம்மியும் காசும்

ரம்மி பேச்சுத்துணைக்கான ஆட்டம். அவரவர் கை அவரவர் பாடு. இரண்டு பேரும் ஆடலாம், ஆறு பேரும் ஆடலாம். கூட்டாளி கிடையாது, ஆகவே இன்னொருவர் செய்த தப்புக்காகக் கோபம் வராது. சீட்டை எடுத்துக்கொண்டே பெண்ணின் கல்யாணப் பேச்சையும் பேசி முடிக்கலாம்.

அதில் திறமை எங்கே இருக்கிறது? டைமண்டில் ஐந்தும் ஆறும் வைத்திருப்பவருக்கு நாலோ ஏழோ வரலாம். இரண்டு கட்டு கலந்து ஆடுவதால் அவருக்கு உதவும் சீட்டு நாலு. ஐந்தும் ஏழும் வைத்து நடுவில் ஓட்டையோடு காத்திருப்பவருக்கு ஆறு மட்டும்தான் உதவும். அது இரண்டே சீட்டு. அந்த இரண்டும் கீழே விழுந்துவிட்டதைக் கவனிக்காதவர் ஜோக்கரை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பார். யார் எதை எடுத்தார், எதைக் கழித்தார் என்று ஞாபகம் வைப்பதே பாதி ஆட்டம். கை மோசம் என்றால் முதல் சுற்றிலேயே ஸ்கூட் சொல்லி 25 புள்ளியோடு ஒதுங்குவது, நடுவில் ஒதுங்கினால் 50, எதிராளி டிக் அடிக்கும்வரை, அதாவது கையை முடிக்கும்வரை இருந்து மாட்டினால் அதிகபட்சம் 80. 201 புள்ளி சேர்ந்தவர் வெளியேறும் 201 ஆட்டத்தில், எப்போது ஒதுங்குவது என்று தெரிந்தவரே கடைசிவரை நிற்கிறார். ஆனால் இந்த 201 ஆட்டத்தில் ஒரு குறை உண்டு. முதலில் வெளியேறியவர் மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா உட்கார வேண்டும். கூட்டம் பெரிதென்றால் 101-இல் நிறுத்துங்கள். இல்லையென்றால் இத்தனை கை என்று எண்ணி ஆடி, குறைந்த புள்ளிக்காரரை வெற்றி என்று அறிவியுங்கள்.

ரம்மியின் இந்த ஞாபகக் கணக்கைத்தான் உச்ச நீதிமன்றமும் 1960-களின் கடைசியில் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் குறிப்பிட்டது. விழும் சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று திறமை வேண்டும், மூணு சீட்டைப் போல முழு அதிர்ஷ்டம் அல்ல என்றது. 2022-இல் தமிழ்நாடு கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அட்டவணையில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்த இரண்டையும் திறமை ஆட்டங்கள் என்று விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, காசு கட்டி இணையத்தில் ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் தடை போட்டது. கடலூர் தமிழ்நாட்டில், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் என்றாலும் இந்தச் சட்டம் இரண்டுக்கும் பொது.

காசு வைத்து ஆடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. காசு உள்ளே வந்ததும் அதிர்ஷ்டத்தின் வேலையே தலைகீழாகிவிடுகிறது. பேரனைப் பாட்டியோடு சமமாக உட்கார வைத்த அதே அதிர்ஷ்டம், விட்டதைப் பிடிக்கலாம் என்று ஒருவரை இரவு முழுவதும் எழவிடாமல் செய்கிறது. மங்காத்தாவும் மூணு சீட்டும் குடும்பங்களைத் தின்ற கதை இந்தக் கரையோர ஊர்களுக்குப் புதிதல்ல. சீட்டு என்றதும் பாட்டி எழுந்து போவதற்குக் காரணமும் அதுதான். அவர் பார்த்த சீட்டு அந்தச் சீட்டு.

சீட்டு இல்லாத ரம்மி

சீட்டுக்கட்டை வாசலிலேயே நிறுத்தும் வீடுகளிலும் ஊனோ நுழைந்துவிட்டது. 1971-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநர் உருவாக்கிய ஆட்டம், 108 அட்டை. ராஜா ராணி படம் இல்லை, அதனால் சூது வாசனையும் இல்லை. விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கூட்டத்துக்கு நல்ல ஆட்டம். இரண்டு கூட்டும் அட்டையின் மேல் இன்னொன்றைப் போட்டு அடுத்தவர் தலையில் நாலாக இறக்குவது அதிகாரப்பூர்வ விதியில் இல்லை. ஆனால் அதில்லாமல் பிள்ளைகள் ஆட மாட்டார்கள்.

ரம்மியே பிடிக்கும், சீட்டுதான் ஆகாது என்றால் ரம்மிக்யூப் இருக்கிறது. ருமேனியாவில் பிறந்த எஃப்ராயிம் ஹெர்ட்சானோ கண்டுபிடித்தது. 1980-இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் ஆட்டம்’ விருது பெற்றது. நாலு நிறத்தில் 1 முதல் 13 வரை இரண்டு தொகுதி, கூட இரண்டு ஜோக்கர், ஆக 106 காய். இரண்டு சீட்டுக்கட்டுக்கு ஒவ்வொரு ஜோக்கர் சேர்த்தால் வரும் அதே எண்ணிக்கை. ஆளுக்கு 14 காய். முதல் முறை இறக்கும்போது குறைந்தது 30 புள்ளி சேர வேண்டும். ரம்மியை விட இதில் ஒன்று கூடுதல். மேசையில் யார் இறக்கி வைத்த வரிசையையும் நாம் பிரித்து, நம் காயைச் செருகி, மறுபடி ஒழுங்காக அடுக்கலாம். நீலத்தில் 4, 5, 6, 7 கிடக்கிறது, என்னிடம் சிவப்பு 7-உம் கறுப்பு 7-உம் இருக்கின்றன என்றால், வரிசைக் கடைசியிலுள்ள நீல 7-ஐ உருவி மூன்று ஏழாக வைத்துவிடலாம். மிச்சமிருக்கும் 4, 5, 6-உம் சரியான வரிசைதான். சிக்கல் என்னவென்றால், கணக்கில் புலியான ஒருவர் மேசையைக் கலைத்துப் போட்டு யோசிக்கும்போது மற்ற மூவரும் கொட்டாவி விடுவார்கள். பெட்டியோடு வரும் நேரக் கட்டுப்பாட்டு விதியை இங்கே தயவு பார்க்காமல் கடைப்பிடியுங்கள்.

டோமினோவில் 28 காய். சைபரிலிருந்து ஆறுவரை ஒவ்வொரு எண்ணும் ஏழு காய்களில் இருக்கும். நாலு பேர் ஆளுக்கு ஏழு எடுத்தால் மிச்சமே இல்லை. கையில் ஐந்து வரும் காய்கள் நாலும் மேசையில் மூன்றும் இருந்தால், வேறு யாரிடமும் ஐந்து இல்லை என்பது உறுதி. அந்த முனையில் எல்லோரையும் பூட்டிவிடலாம். இன்னொரு வசதி, காற்று. கடலூர் சில்வர் பீச் மணலிலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ சாயங்காலக் காற்றில் சீட்டு விரித்தவர்களுக்குத் தெரியும், பாதி நேரம் சீட்டைத் துரத்துவதிலேயே போகும். காய் பறக்காது.

மாஜாங் பற்றி ஒரு வரி. 144 காய், நாலு தொகுதியும் ஒரு ஜோடியும் சேர்க்க வேண்டும். ரம்மி தெரிந்தவருக்குப் பாதி மாஜாங் ஏற்கெனவே தெரியும்.

304-உம் பெலோத்தும்

இந்தப் பகுதியின் சீட்டாட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இந்த இரண்டும்தான். இரண்டுக்கும் ஏழிலிருந்து ஆஸ் வரை 32 சீட்டு, எதிரெதிரே கூட்டாளிகள், ஆளுக்கு எட்டுச் சீட்டு. இரண்டிலும் சாதாரண வரிசை புரண்டு, ஜாக்கியும் ஒன்பதும் தலைமேல் ஏறிக்கொள்கின்றன. இது தற்செயல் இல்லை. ஜாக்கியும் ஒன்பதும் உச்சத்தில் இருக்கும் சீட்டாட்டங்கள் ஒரே குடும்பம். அதன் வேர் நெதர்லாந்து என்பது சீட்டாட்ட வரலாற்றாசிரியர்களின் கருத்து. டச்சு வணிகர்கள் வழியாக அது இந்தியாவுக்கு வந்து 304, கேரளத்தின் 28 என்று கிளைத்தது என்கிறார்கள். அந்த டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை என்று கடை விரித்தவர்கள். புதுச்சேரியையே 1693-இல் பிடித்து 1699 வரை வைத்திருந்தவர்கள். ஐரோப்பாவில் அதே குடும்பத்தின் இன்னொரு கிளை 1920-களில் பிரான்சில் பெலோத் என்ற பெயரில் பரவி, பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தவர்களோடு புதுச்சேரிக்கு வந்தது. பங்காளிகள் இரண்டு பேர் வேறு வேறு கப்பலில் வந்து ஒரே கரையில் இறங்கியிருக்கிறார்கள்.

304-இல் ஒவ்வொரு இனத்திலும் ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. கூட்டினால் 76, நாலு இனத்துக்கு 304. அந்த 76-இல் 50 ஜாக்கியிடமும் ஒன்பதிடமும் மட்டும் இருக்கிறது. முதல் நாலு சீட்டைப் பார்த்ததுமே இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம், வழக்கமாக 160-இல் தொடங்கும். ஏலம் எடுத்தவர் துருப்பு இனத்திலிருந்து, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்திலிருந்து, ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார். அது என்ன இனம் என்று அவருடைய கூட்டாளிக்கே தெரியாது.

இந்த மூடிய துருப்பில்தான் ஆட்டத்தின் உயிர். எதிரணி ஆள் கிளாவர் ஜாக்கியை இறக்குகிறார், 30 புள்ளி. அடுத்து ஏலக்காரரின் கூட்டாளி. அவரிடம் கிளாவர் இல்லை. இஸ்பேடாக இருக்குமோ என்று ஊகித்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார். மூன்றாமவர், தன் கூட்டாளியின் ஜாக்கி எப்படியும் பிடிக்கும் என்ற தைரியத்தில் கிளாவர் ஒன்பதைக் கொடுக்கிறார், இன்னொரு 20. ஏலக்காரர் கிளாவர் ஏழைப் போட்டுவிட்டு, கவிழ்ந்து கிடக்கும் சீட்டைத் தான் மட்டும் எடுத்துப் பார்க்கிறார். துருப்பு என்றால் திறந்து காட்டி 50 புள்ளியையும் அள்ளுகிறார். இல்லையென்றால் முகத்தில் எதையும் காட்டாமல் அப்படியே திரும்ப வைத்துவிடுகிறார். பிடி, அதாவது அந்தச் சுற்றில் விழுந்த நாலு சீட்டும், போகிறது; ரகசியம் நிற்கிறது. அந்த ஒரு நொடிக்கு மூன்று பேரும் அவர் முகத்தையே பார்க்கிறார்கள்.

சத்தம் ஏன் வருகிறது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. தாயத்தில் என் தப்பு என் தலையோடு போகும். இங்கே என் தப்புக்குக் கூட்டாளியும் தோற்கிறார். கண்ணால் காட்டக்கூடாது, வாயால் சொல்லக்கூடாது, போடும் சீட்டே பேச்சு. ‘ஏன்டா ஒன்பதைக் கொடுத்தே?’ என்ற கேள்வி கை முடிந்ததும் வரத்தான் செய்யும். கூட்டாளியை மாற்றிக்கொண்டே இருக்கும் கூட்டத்தை விட, ஒரே ஜோடிகள் வருஷக்கணக்கில் ஆடும் கூட்டமே 304-ஐ நன்றாக ஆடுகிறது. புதிதாக வந்தவரைச் சேர்ப்பது என்றால், அவரை அந்தக் கூட்டத்திலேயே பொறுமைசாலிக்கு எதிரே உட்கார வையுங்கள்.

304 தெரிந்த ஒருவர் பெலோத் மேசையில் உட்கார அதிக நேரம் பிடிக்காது. பிரெஞ்சுக் கட்டில் ராஜா, ராணி, ஜாக்கிக்கு எழுத்துகள் வேறாக இருக்கும், படத்தைப் பார்த்துப் பழகிவிடலாம். சாதாரணக் கட்டில் இரண்டு முதல் ஆறு வரை எடுத்துவிட்டும் ஆடலாம். துருப்பு மூடியிருக்காது. ஐந்து சீட்டு கொடுத்ததும் ஒரு சீட்டைத் திறந்து போடுவார்கள், அந்த இனத்தை எடுக்கிறவர் எடுக்கலாம். ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14 என்பது துருப்பு இனத்தில் மட்டும்தான். மற்ற மூன்று இனத்தில் ஜாக்கி வெறும் 2, ஒன்பது சைபர், அங்கே ஆஸ் 11-ஓடு ராஜ்யம் பண்ணும். துருப்பில் 62, மற்றவற்றில் 30 வீதம் 90, கடைசிப் பிடிக்கு 10, ஆக 162. துருப்பு ராஜாவும் ராணியும் ஒரே கையில் இருந்தால் அவற்றை இறக்கும்போது ‘பெலோத்’, ‘ரெபெலோத்’ என்று சொல்லி 20 வாங்கிக்கொள்ளலாம். சொல்ல மறந்தால் போச்சு. 304 ஆடிய கை தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று. கேட்ட இனம் இல்லாமல், பிடியும் எதிரணியிடம் இருந்தால் துருப்பால் வெட்டியே ஆக வேண்டும், ஏற்கெனவே துருப்பு விழுந்திருந்தால் அதைவிடப் பெரிய துருப்பு இருக்கும்போது அதைப் போட்டே ஆக வேண்டும். பெரிய துருப்பைப் பதுக்கி வைக்கும் பழக்கத்தை வெளியிலேயே விட்டுவிட்டு உட்காருங்கள்.